தந்தை செல்வாவும் மந்திரிப் பதவியும்

ஆட்சியிற் சேர்வதா, வெளியே நிற்பதா என்ற வினா எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்களின் வாழ்வில் இருமுறை எழுந்தது. முதன்முறை அவர் தலைவரையே விட்டு நீங்கினார். மறுமுறை தாமே கட்சியை உள்ளே அழைத்துச் சென்றார். இதை முரண்பாடென்று எளிதிற் கூறிவிட எமக்கு மனம் வரவில்லை.

1898 இல் ஈப்போவிற் பிறந்து தெல்லிப்பழையில் வளர்ந்த அவர் கிறிஸ்தவர். எம்மைப் போல மிஷன் பாடசாலையிற் கற்றவர். சிவில் வழக்குகளிற் பெயர் பெற்ற வழக்கறிஞர். 1947 இல் தமிழ்க் காங்கிரஸ் சார்பிற் காங்கேசன்துறையில் வென்றார்.

அடுத்த ஆண்டு ஜீ. ஜீ. பொன்னம்பலம் டி. எஸ். சேனநாயக்காவின் மந்திரிசபையிற் சேர்ந்தார். அதே ஆண்டில் வந்த பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இதைச் செல்வநாயகம் பொறுக்கவில்லை. வன்னியசிங்கம், நாகநாதன் ஆகியோருடன் பிரிந்து, 1949 டிசம்பர் 18 இல் மருதானையில் தமிழரசுக் கட்சியைத் தொடக்கினார்.

1965 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 66 ஆசனங்களே கிடைத்தன. தமிழரசுக் கட்சிக்கு 14. டட்லி சேனநாயக்காவுடன் மார்ச் 24 இல் ஒப்பந்தமாயிற்று. வடகிழக்கிலே தமிழில் நிர்வாகம், மாவட்ட சபைகள், குடியேற்றத்தில் தமிழருக்கு முன்னுரிமை என்பன அதன் சாரம். வேடிக்கை என்னவெனில், தமிழ்க் காங்கிரசும் அதே அரசின் பக்கமே நின்றது!

ஆனால் மந்திரிப் பதவி? அதைக் கண்டித்துப் பிறந்த கட்சியல்லவா! உள்ளே வாதம் எழுந்தது. ஈற்றில், தேர்தலில் வென்ற எவரும் பதவி ஏற்கவில்லை; மு. திருச்செல்வம் செனற் சபை வழியாக ஸ்தல ஸ்தாபன மந்திரியானார். மாவட்ட சபைகள் அமைவதாயின் அந்த அமைச்சினூடாகவே அமையவேண்டும். ஆகவே இந்த ஏற்பாட்டை வெறும் பதவி மோகமெனக் கொள்ளலாகாது.

மூன்றாண்டு காத்தும் மாவட்ட சபைகள் வரவில்லை. 1968 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆட்களைப் பதிவு செய்யும் மசோதாவை எதிர்த்த வி. நவரத்தினம் கட்சிக்கு வெளியே போனார். செல்வநாயகம் அப்பொழுதும் பொறுத்தார். பொறுமை எல்லை கடந்ததென்பதே எம் கருத்து.

கடைசியில் உறவு அறுந்தது திருக்கோணேச்சரத்தின் பொருட்டு. கோயிற் சூழலைப் புனித நகராக்குவது பற்றி ஆராயத் திருச்செல்வம் நியமித்த குழுவை, பிக்கு ஒருவரின் ஆட்சேபத்தின் மேற் பிரதம மந்திரி நிறுத்தினார். திருச்செல்வம் பதவி துறந்தார், கட்சியும் விலகியது. ஒரு சைவத் தலத்துக்காக ஆட்சியை உதறிய கட்சியின் தலைவர் கிறிஸ்தவர் என்பதை எம் சங்கத்து இளைஞர் மறக்கலாகாது.

1970 தேர்தலில் அமிர்தலிங்கமும் நாகநாதனும் தோற்றனர். எதிர்த்து வெளியேறிய நவரத்தினமும் ஊர்காவற்றுறையில் தோற்றார். நடுக்குவாத நோயால் பேச்சுத் தளர்ந்திருந்த செல்வநாயகத்தைக் காங்கேசன்துறை மக்கள் மறுபடியும் தெரிந்தனுப்பினர்.