10 வயதில் பள்ளிக்கு முழுக்கு... பின்னாளில் ஈட்டன் பள்ளியின் கோச்! - ஜார்ஜ் ஹிர்ஸ்ட் கதை

ஒரே சீசனில் 2,000 ரன், 200 விக்கெட். கிரிக்கெட் வரலாற்றிலேயே இதைச் செய்தவர் ஒரே ஒருத்தர்தான். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கவுன்ட்டி அணிக்காக ஆடிய ஜார்ஜ் ஹிர்ஸ்ட். வருஷம் 1906. எடுத்தது 2,385 ரன், 208 விக்கெட். அந்த வருஷம் சோமர்செட் அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸிலும் சதம், 11 விக்கெட். மனுஷர் பிச்சு உதறிட்டார்!

ஆனா, அவர் வாழ்க்கையில் இதைவிட ஆச்சர்யமான பகுதி பேட்டை ஓரமாக வைத்த பிறகுதான் வருது.

ஹடர்ஸ்ஃபீல்டு பக்கத்தில் கிர்க்ஹீட்டன் என்ற கிராமம். 1871-ல் அங்கே பிறந்தார் ஹிர்ஸ்ட். குடும்பக் கஷ்டத்தால் 10 வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போனார். முதலில் கைத்தறி நெசவாளர் ஒருவரிடம், பிறகு சாயப்பட்டறையில். மிச்ச நேரமெல்லாம் கிரிக்கெட். அதே ஊரில் அவரைவிட ஆறு வயது சின்னவர் ஒருத்தர் இருந்தார். வில்ஃப்ரெட் ரோட்ஸ். பின்னாளில் 4,000 விக்கெட்டுகளைத் தாண்டி உலக சாதனை படைத்தவர்.

இந்த ஊர்க்காரங்க ரெண்டு பேரும் சேர்ந்து கலக்கியது 1902-ல். ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட். இங்கிலாந்தின் கையில் ஒரே விக்கெட், வேண்டியது 15 ரன். ஹிர்ஸ்ட்டும் ரோட்ஸும் அடித்து முடித்தார்கள். ஹிர்ஸ்ட் 58 நாட் அவுட். 1905-ல் லெஸ்டர்ஷயருக்கு எதிராக அவர் எடுத்த 341 ரன், இன்றும் யார்க்‌ஷயரின் உச்ச ஸ்கோர்.

அந்தக் காலத்து கிரிக்கெட்டில் சம்பளத்துக்கு ஆடுபவர்கள் ஒரு சாதி, காசு வாங்காத கனவான்கள் இன்னொரு சாதி. டிரஸ்ஸிங் ரூம்கூட தனித்தனி. ஹிர்ஸ்ட் சம்பள ஆட்டக்காரர். அப்படிப்பட்டவரை 1920-ல் ஈட்டன் பள்ளி கோச்சாக அழைத்தது. இங்கிலாந்தின் பிரதமர்கள் பலர் படித்த, பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பள்ளி அது. சாயப்பட்டறைப் பையன் அங்கே போய் நின்றால் எடுபடுமா?

எடுபட்டது. 1938 வரை 18 வருஷம் அங்கேயே இருந்தார். திட்டமாட்டார், அவசரப்படமாட்டார். ஒரு பையனுக்கு இயல்பாக வரும் ஆட்டத்தை மாற்றாமல், அதிலேயே அவனைத் தேற்றிவிடுவார். நடுவில் யார்க்‌ஷயரின் இளம் வீரர்களுக்கும் பயிற்சி தந்தார். ஹெடிங்லியில் அவர் கண்முன்னே பேட் பிடித்த 14 வயதுப் பையன் ஒருவனிடம் திருத்த வேண்டியது அதிகமில்லை என்று கண்டுகொண்டார். அந்தப் பையன் லென் ஹட்டன். 1938-ல் டெஸ்ட்டில் 364 ரன் எடுத்தவர்.

இன்னொரு சுவாரஸ்யமும் உண்டு. ஈட்டனின் பரம்பரைப் போட்டியாளர் ஹாரோ பள்ளி. லார்ட்ஸில் வருஷா வருஷம் மோதுவார்கள். 1930-களில் ஹாரோவுக்கு கோச்சாகப் போனது யார் தெரியுமா? அதே ரோட்ஸ்! ஆட்டத்தில் பெரிய சாதனையாளர்தான். ஆனால், கறாரான மனிதர். ஹிர்ஸ்ட் அளவுக்கு அவரால் சோபிக்க முடியவில்லை. நிறைய விக்கெட் எடுத்தவர் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்க வந்துவிடாது போல.

ஹிர்ஸ்ட் இருந்த வருஷங்களில் ஈட்டன் ஒருமுறைகூட ஹாரோவிடம் தோற்கவில்லை. 1908-க்குப் பிறகு ஹாரோ ஜெயித்தது 1939-ல்தான். ஹிர்ஸ்ட் கிளம்பிய அடுத்த வருஷம்!

1949-ல் எம்.சி.சி, முன்னாள் சம்பள ஆட்டக்காரர்கள் சிலரை கௌரவ உறுப்பினர்களாக்கியது. அதில் ஹிர்ஸ்ட்டும் ஒருவர், ரோட்ஸும் ஒருவர். கனவான்களின் கிளப்புக்குள் கிர்க்ஹீட்டன்காரர்கள் இருவரும் ஒன்றாகவே நுழைந்தார்கள். அப்போது ஹிர்ஸ்ட்டுக்கு 77 வயது. 1954 மே 10-ம் தேதி, ஹடர்ஸ்ஃபீல்டிலேயே அவர் உயிர் பிரிந்தது.