கோட்டா இராமசாமி

விளையாட்டுக் கல்விக்குப் பகை என்பாரும், கல்வி விளையாட்டுக்குப் பகை என்பாரும் நம் மாணாக்கருள் உளர். இவ்விரு திறத்தாரும் அறியத்தக்க வரலாறு ஒன்று சென்னை நகரத்தில் நிகழ்ந்தது. டென்னிஸ், கிரிக்கெட் என்னும் இரண்டு ஆட்டங்களிலும் இந்தியாவின் சார்பாக நின்று ஆடிய கோட்டா இராமசாமி அவர்களின் வரலாறே அஃது. அதனை ஈண்டு இயன்ற அளவிற் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

இராமசாமி 1896-ஆம் ஆண்டு ஜூன் திங்களிற் பிறந்தார். அவர்தம் தந்தையார் மயிலாப்பூர் லஸ் மாளிகையில் வாழ்ந்த புச்சிபாபு நாயுடு என்னும் செல்வர். சேப்பாக்கத்து ஆங்கிலேயர் கழகம் இந்தியர்க்கு வாயில் அடைத்திருந்த அந்நாளில், நம்மவரும் அவரோடு ஒப்ப நின்று ஆடல் வேண்டும் என்று துணிந்து, இந்தியர்க்கெனத் தனியே ஒரு கழகம் கண்டவர் அவர். 1908-ஆம் ஆண்டில் அவர் காலமாயினார். அப்பொழுது இராமசாமிக்குப் பன்னிரண்டு வயது. புதல்வருள் இளையவராகிய இவரைத் தாயைப் பெற்ற பாட்டனார் சுவீகாரம் கொண்டமையால், உடன்பிறந்தார்க்கு இல்லாத கோட்டா என்னும் குடும்பப் பெயர் இவருக்கு வாய்த்தது. பெயர் மாறியதேயன்றித் தந்தையார் விட்டுச்சென்ற ஆட்டவேட்கை மாறவில்லை.

சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்றபின், முதல் உலகப் பெரும்போர் ஓய்ந்ததும், இராமசாமி இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கற்றார். ஆண்டு டென்னிஸ் ஆட்டத்திற் சிறந்து, பல்கலைக்கழகத்தின் சார்பாக ஆடும் தகுதி பெற்றார். நாடுகள் தம்முள் பொருதும் டேவிஸ் கோப்பைப் போட்டியில் இந்தியா முதன்முதலாகக் கலந்துகொண்டது 1921-ஆம் ஆண்டில். அடுத்த ஆண்டாகிய 1922-இல் இந்தியக் குழுவில் இராமசாமிக்கு இடம் கிடைத்தது. ருமேனியாவை இந்தியா வென்றது. பின்னர் ஸ்பெயினிடம் தோற்றது. பைஸீ என்பாரோடு இணைந்து இராமசாமி இரட்டையர் ஆட்டம் ஆடினார். அவ்வாண்டுக் கோப்பைப் போட்டியில் அவர் ஆடிய மூன்று ஆட்டங்களில் இரண்டு வெற்றியாய் முடிந்தன.

இரட்டையர் ஆட்டத்தின் இயல்பை இங்குச் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். தனியாட்டத்திற் புகழும் பழியும் ஒருவனுக்கே உரியன. இரட்டையர் ஆட்டத்திலோ, எந்தப் பந்தைத் தான் எடுப்பது, எதனைத் துணைவனுக்கு விடுவது என்பதை நொடிப்பொழுதில் துணிதல் வேண்டும். பெரிய காஞ்சிபுரத்தாராகிய எமக்குக் கோர்வைச் சேலை நெய்யும் தறியே நினைவுக்கு வருகின்றது. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக நெய்யும் அத்தறியில், நெசவாளி ஒருபுறமும் கரைநாடாவை எறிகின்ற துணையாள் மறுபுறமும் இருப்பர். ஒருவர் கை பிந்தினும் கரையும் உடலும் ஒட்டா. சேலையைக் கொண்டாடுவோர் துணையாளின் பெயரைக் கேட்பதில்லை. இரட்டையர் ஆட்டக்காரர்க்கும் நேர்வது இதுவே.

நாடு திரும்பிய இராமசாமி சென்னை அரசாங்க விவசாய இலாகாவிற் பணியேற்றார். ஆட்டத்தால் பொருளீட்டும் வழக்கம் அக்காலத்து இல்லை. விம்பிள்டனிலும் 1968-ஆம் ஆண்டுக்கு முன் பொருள் பெற்று ஆடுவார்க்கு இடமில்லை. ஆதலின் உத்தியோகம் ஒழிந்த வேளையிலேயே அவர் ஆடினார். இடக்கையால் மட்டை பிடித்துப் பந்தை ஓங்கி அடிக்கும் ஆற்றலினர் என்று கிரிக்கெட்டிலும் பெயர் பெற்றார். எனினும் இந்தியா தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடியது 1932-ஆம் ஆண்டிலேதான். அப்பொழுதே இராமசாமிக்கு முப்பத்தாறு வயது நிரம்பியிருந்தது. உடல் வலிமை முழுமையாக இருந்த காலத்தில் நுழைவதற்கு வாயிலே இல்லை. வாயில் திறந்தபோதோ இளமை கழிந்திருந்தது.

அழைப்பு 1936-ஆம் ஆண்டில் வந்தது. விஜயநகரம் மகாராஜகுமாரர் தலைமையில் இங்கிலாந்து சென்ற அக்குழுவிற் பூசல் மலிந்தது. சிறந்த ஆட்டக்காரராகிய லாலா அமர்நாத் இடையிலேயே தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். முதற் பந்தயத்தில் இந்தியா தோற்றது. மான்செஸ்டரில் ஜூலைத் திங்களில் நிகழ்ந்த இரண்டாம் பந்தயத்தில், நாற்பது வயது கடந்த இராமசாமி முதன்முறையாகக் களம் புகுந்தார். இங்கிலாந்து 571 ஓட்டங்கள் குவிக்க, இந்தியா 203 ஓட்டங்களில் அடங்கிற்று. இரண்டாம் முறை ஆடுகையில் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் முதல் இணையாக 203 ஓட்டங்கள் சேர்த்து மானம் காத்தனர். அப்பந்தயத்தில் இராமசாமி எடுத்தவை 40, 60. பந்தயம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அடுத்த ஓவல் பந்தயத்தில் இந்தியா தோற்றபோதும் அவர் 29 ஓட்டங்களும், ஆட்டமிழக்காமல் 41 ஓட்டங்களும் எடுத்தார். நான்கு முறை ஆடி 170 ஓட்டங்கள். சராசரி ஐம்பத்தாறுக்கு மேல். அதன்பின் டெஸ்ட் பந்தயம் ஆடும் வாய்ப்பு அவருக்கு வரவில்லை.

அதே குழுவிற் சென்றவர் செங்கற்பட்டுப் பக்கத்தவராகிய எம். ஜே. கோபாலன். ஹாக்கி, கிரிக்கெட் இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடிய அவர், பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியைத் துறந்து இங்கிலாந்து சென்றும், ஒரு டெஸ்ட் பந்தயத்திலேனும் அங்கு ஆட வைக்கப்படவில்லை. ஹாக்கிக் குழு தங்கப் பதக்கத்தோடு மீண்டது. வாய்ப்பு என்பது ஆற்றலுக்கு அளந்து கொடுக்கப்படும் பரிசன்று என்பதற்கு இவ்விருவர் வாழ்வும் சான்றாகின்றன.

பின்னாளில் இராமசாமி 1952–53-ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவு சென்ற இந்தியக் குழுவின் மேலாளராகப் பணியாற்றினார். 1966-ஆம் ஆண்டில் தம் விளையாட்டு வாழ்க்கையை ஆங்கிலத்தில் நூலாக எழுதி வெளியிட்டார். 1985-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், எண்பத்தொன்பது வயதினராய், ஒரு நாள் இல்லத்தை விட்டுப் புறப்பட்டவர் மீண்டிலர். இறந்தாரெனவே பின்னர்க் கொள்ளப்பட்டார். அவருக்குச் சமாதி இல்லை. நினைவுநாள் குறிக்கவும் வழியில்லை.

ஆயினும் அவரை முற்றும் மறைந்தவர் என்று கூற எமக்கு மனம் இசையவில்லை. இருபத்தாறாம் வயதில் ஓராட்டத்துக்கும் நாற்பதாம் வயதில் மற்றோராட்டத்துக்கும் அழைப்பு வந்தது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டும் எவரும் அழைப்பர் என்ற உறுதி அவருக்கு இருந்ததில்லை. உறுதியில்லாத அந்நெடுங்காலத்திலும் கையைப் பழக்கி வைத்திருந்தாரே, அதுவே அவர்தம் பெருமை என்று கருதுகின்றோம். பரீட்சை நாள் குறித்த பின்னரே புத்தகம் திறக்கும் நம்மனோர்க்கு, நாள் குறியாத பரீட்சைக்கு ஆயத்தமாயிருந்த இம்முதியவர் நினைவு பெரிதும் பயன்படும்.