கடல் கற்பித்த மொழி

நுழையும் முன்

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி எனப் பல மொழிகளுக்கிடையே வளரும் மாணவர் நம் நாட்டில் பலர். நூலோ ஆசிரியரோ இன்றி, தாம் வாழ்ந்த சூழலையே பள்ளியாகக் கொண்டு ஆங்கிலம் பேசக் கற்ற மஞ்சிரோ என்னும் ஜப்பானியரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

புயலும் தீவும்

ஜப்பானின் ஷிக்கோக்குத் தீவில் நக்கானோஹாமா என்னும் மீனவச் சிற்றூர் உள்ளது. அங்கு 1827ஆம் ஆண்டு மஞ்சிரோ பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவர், வேலை செய்து தாய்க்கு உதவினார். வறுமையால் பள்ளி செல்லவில்லை. தாய்மொழியை எழுதவும் படிக்கவும் அவர் கற்கவில்லை.

1841ஆம் ஆண்டு ஜனவரி மாதம், பதினான்கு வயதில், நால்வருடன் மீன்பிடிக்கச் சென்றார். புயலில் சிக்கிய படகு நெடுந்தொலைவு அலைக்கழிக்கப்பட்டு, தோரிஷிமா என்னும் ஆளில்லாத் தீவை அடைந்தது. கடற்பறவைகளின் இறைச்சியை உண்டும் மழைநீரைப் பருகியும் ஐவரும் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் உயிர் வாழ்ந்தனர். ஜூன் மாத இறுதியில் அவ்வழியே வந்த ஜான் ஹௌலண்ட் என்னும் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் அவர்களை மீட்டது.

அக்காலத்தில் ஜப்பான், சில நாட்டாரைத் தவிரப் பிறரைத் தன் கரையில் அனுமதிக்கவில்லை. நாட்டைவிட்டு வெளியேறித் திரும்புவோர் மரண தண்டனைக்கும் ஆளாகலாம். ஆகவே மீட்கப்பட்டவர்களால் உடனே ஊர் திரும்ப இயலவில்லை.

கப்பலே பள்ளி

கப்பலில் இருந்தோருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. மஞ்சிரோவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆயினும் கப்பல் வாழ்வில் ஒவ்வொரு சொல்லும் ஒரு செயலோடு இணைந்தே ஒலிக்கும். ஓர் ஆணை பிறந்ததும் மாலுமிகள் கயிற்றை இழுப்பர். மற்றோர் ஆணை பிறந்ததும் பாயைச் சுருட்டுவர். பாய்மர உச்சியில் இருப்பவர் திமிங்கிலத்தைக் கண்டு கூவியதும் படகுகள் கடலில் இறங்கும். சொல்லைக் கேட்டு, அதன்பின் நிகழ்வதைக் கண்டால் பொருள் தானே விளங்கும். இவ்வாறு அன்றாடச் சொற்களை மஞ்சிரோ விரைந்து கற்றார். மாலுமிகள் அவரை ஜான் மங் என அழைக்கலாயினர்.

கப்பல் ஹொனலூலுவை அடைந்தபோது மற்ற நால்வரும் அங்கேயே தங்கினர். மஞ்சிரோவின் அறிவுக்கூர்மையை உணர்ந்த கப்பல் தலைவர் வில்லியம் விட்ஃபீல்ட் அவரைத் தம்முடன் அழைத்துச் சென்றார். 1843ஆம் ஆண்டு இருவரும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தை அடைந்தனர். அங்குள்ள ஃபேர்ஹேவன் என்னும் ஊரில் மஞ்சிரோ முதன்முறையாகப் பள்ளியில் சேர்ந்தார். பதினாறு வயதில், தம்மினும் இளைய பிள்ளைகளுடன் அமர்ந்து ஆங்கில எழுத்துகளைக் கற்க அவர் நாணவில்லை. பின்னர்க் கணிதத்தையும் கப்பல் செலுத்தும் கலையையும் பயின்றார். பீப்பாய் செய்யும் தொழிலையும் கற்றுக்கொண்டார்.

தாயகம் திரும்புதல்

புதிய மொழியும் புதிய ஊரும் வாய்த்தபோதும் தாயைக் காணும் வேட்கை மஞ்சிரோவை விட்டு நீங்கவில்லை. 1850ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் தங்கச் சுரங்கப் பகுதிக்குச் சென்று, சில மாதங்களில் ஏறத்தாழ 600 டாலர் ஈட்டினார். அப்பொருளைக் கொண்டு ஒரு சிறு படகை வாங்கினார். பழைய தோழர் இருவருடன் 1851ஆம் ஆண்டு தொடக்கத்தில் இன்றைய ஒக்கினாவாவில் கரையேறினார். தண்டனை காத்திருக்கலாம் என்பதை அறிந்தே அவர் திரும்பினார்.

அதிகாரிகள் பல இடங்களில் அவரைக் காவலில் வைத்துத் துருவித் துருவி விசாரித்தனர். அப்போது ஓர் எதிர்பாராத துன்பம் நேர்ந்தது. பல்லாண்டுகள் பெரும்பாலும் பேசாதிருந்தமையால் தாய்மொழிச் சொற்கள் அவர் நாவில் தடுமாறின. கவாதா ஷோர்யோ என்னும் ஓவிய அறிஞர் அவரைத் தம் இல்லத்தில் தங்கவைத்து, ஜப்பானிய மொழியை எழுதவும் படிக்கவும் கற்பித்தார். அவரிடமிருந்து தாம் ஆங்கிலம் கற்றார். மஞ்சிரோ கூறிய செய்திகளைப் படங்களுடன் நூலாகவும் எழுதினார்.

1852ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சிரோ தம் ஊரை அடைந்தார். மகன் இறந்துவிட்டான் என எண்ணியிருந்த தாய், ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவரைக் கண்டார். ஆனால், மூன்று நாள்களே அவர்கள் சேர்ந்திருக்க முடிந்தது. கல்வி கற்பிக்குமாறு ஆட்சியாளர் அவரை அழைத்துக்கொண்டனர்.

கற்றவர் கற்பித்தவரானார்

1853ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெர்ரி நான்கு கப்பல்களுடன் ஜப்பானுக்கு வந்தார். அமெரிக்காவை அறிந்தவர் தேவைப்பட்டதால் மஞ்சிரோ தலைநகருக்கு அழைக்கப்பட்டார். மீனவர் மகனான அவருக்குச் சாமுராய்த் தகுதியும், ஊர்ப்பெயரை ஒட்டி நக்காஹாமா என்னும் குடும்பப் பெயரும் வழங்கப்பட்டன. எனினும், அவர் அமெரிக்கருக்குச் சார்பாக நடப்பாரோ எனச் சிலர் ஐயுற்றமையால், பெர்ரியுடன் நடந்த பேச்சில் நேரில் மொழிபெயர்க்க அவர் அனுமதிக்கப்படவில்லை. அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை. தம் மாணவர்களுக்குத் தொடர்ந்து கற்பித்து வந்தார்.

1859ஆம் ஆண்டு ஆங்கில உரையாடல் நூல் ஒன்றை உருவாக்கினார். அதில் அன்றாடப் பேச்சுக்குரிய 200க்கும் மேற்பட்ட தொடர்கள் இடம்பெற்றன. எழுத்துக்கூட்டலைப் பின்பற்றாமல், தம் காதில் விழுந்த ஒலிப்பையே ஜப்பானிய எழுத்தில் அவர் குறித்துக் காட்டினார். கப்பலில் செவியால் கற்றவரின் நூல் அல்லவா அது! மறு ஆண்டு கன்ரின் மாரு என்னும் ஜப்பானியக் கப்பலில் மொழிபெயர்ப்பாளராகச் சான் பிரான்சிஸ்கோ சென்றார். 1870ஆம் ஆண்டு ஃபேர்ஹேவனுக்குச் சென்று முதிய விட்ஃபீல்டைக் கண்டு மகிழ்ந்தார். 1898ஆம் ஆண்டு மறைந்தார்.

புதிய மொழி மஞ்சிரோவுக்கு உலகைக் காட்டியது. மீண்டும் கற்ற தாய்மொழியோ, அவ்வுலகைத் தம் மக்களுக்குக் காட்ட அவருக்குத் துணைநின்றது.

சொல்லும் பொருளும்

வேட்கை – மிகுந்த விருப்பம்
நாணுதல் – வெட்கப்படுதல்
ஐயுறுதல் – சந்தேகம் கொள்ளுதல்
செவி – காது

பயிற்சி

1. மஞ்சிரோ உடனே ஊர் திரும்ப இயலாமைக்குக் காரணம் யாது?
2. கப்பலில் அவர் சொற்களின் பொருளை எவ்வாறு உணர்ந்தார்?
3. கவாதா ஷோர்யோவும் மஞ்சிரோவும் ஒருவருக்கொருவர் எவ்வாறு உதவினர்?
4. நீங்கள் வாழும் ஊரின் மொழியில், எவரும் கற்பிக்காமல் கேட்டே கற்றுக்கொண்ட ஐந்து சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, அவற்றிற்குரிய தமிழ்ச் சொற்களைப் பெற்றோரிடம் கேட்டு எழுதுக.