மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்ட பையன்

மயிலாடும்பாறையில் இன்று மோட்டார் சைக்கிள் நிற்காத தெரு இல்லை. வருசநாடு போகவேண்டுமா, தேனிக்குப் போகவேண்டுமா, அதில்தான் பயணம். நூறு வருடத்துக்கு முன் கதையே வேறு. மோட்டார் சைக்கிள் ஒன்று வந்துவிட்டால் ஊரே கூடி வேடிக்கை பார்க்கும்.

அப்படி வேடிக்கை பார்த்த கூட்டத்தில் ஒரு பையன் இருந்தான். பெயர் துரைசாமி. ஊர், கோயம்புத்தூர் பக்கம் உள்ள கலங்கல். பிறந்தது 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந்தேதி. தாயைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவன். பள்ளிக்கூடம் அவனுக்கு வேப்பங்காய். வாத்தியார் மீது மண்ணை வாரி வீசும் அளவுக்குப் போனான். படிப்பு பாதியில் நின்றது.

இந்தப் பையன்தான் பிற்காலத்தில் விஞ்ஞான மேதை ஜி.டி. நாயுடு!

துரை வந்த வண்டி

லங்காஷயர் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஒரு 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிளில் கலங்கல் பக்கம் வந்தார். நடு வழியில் வண்டி நின்றுவிட்டது. துரைசாமியைக் கூப்பிட்டு மண்ணெண்ணெய் வாங்கி வரச் சொன்னார். பாகங்களைக் கழற்றி, கழுவி, துடைத்து மாட்டினார். வண்டி கிளம்பிவிட்டது! இப்படித்தான் கோவை வட்டாரத்தில் சொல்வார்கள்.

மாடும் இல்லை, குதிரையும் இல்லை; அழுக்கைத் துடைத்ததும் ஓடுகிறதே! பையனுக்கு அன்று இரவு தூக்கம் வந்திருக்குமா?

அந்த வண்டியை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தான். கையில் காசு இல்லை. கோயம்புத்தூருக்குப் போனான். ஓட்டல் ஒன்றில் சப்ளையராகச் சேர்ந்தான். கிடைத்த சம்பளத்தைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்தான். 300 ரூபாய் சேர்ந்ததும் நேராக அந்த அதிகாரியிடம் போய், அதே வண்டியை விலைக்கு வாங்கினான்.

வேறு ஒருவராக இருந்தால் அதில் ஏறி ஊரை வலம் வந்திருப்பார். துரைசாமி என்ன செய்தான் தெரியுமா? வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டான். திரும்பப் பூட்டத் தெரியாவிட்டால் அத்தனை உழைப்பும் பழைய இரும்பு விலைக்குப் போயிருக்கும். கற்றுத் தர ஆள் கிடையாது. தானே பார்த்து, தானே யோசித்து, மறுபடியும் பூட்டினான். வண்டி ஓடியது. துரைசாமி மெக்கானிக் ஆனார்.

சங்கிலியின் கதை

அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் பின்சக்கரத்தைச் சுழற்றியது சங்கிலி அல்ல, வார்ப்பட்டை. மழையில் நனைந்தால் வழுக்கும். பிறகுதான் சங்கிலி அந்த இடத்தைப் பிடித்தது. அந்தச் சங்கிலியை 1880-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனால்டு. சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஊசி, அதைச் சுற்றி ஒரு குழல், அதன்மேல் ஓர் உருளை. ஊசிக்கும் குழலுக்கும் நடுவே எண்ணெய் இருக்கும்வரை சங்கிலி சீக்கிரம் தேயாது. வெறும் மேல்பூச்சு போதாது. எண்ணெய் உள்ளே இறங்கவேண்டும்.

புழுதி படிந்த சங்கிலியில் அப்படியே எண்ணெய் விட்டால் கெடுதல்தான். மண்ணும் எண்ணெயும் குழைந்து அரம்போல் இரும்பைத் தின்னும். அன்று கலங்கலில் துரை செய்ததே இதற்கும் வழி. என்ஜினை நிறுத்திவிட்டு, மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, உலரவிட்டு, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே எண்ணெய் விடவேண்டும். மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். என்ஜின் ஓடும்போது கைவைத்து விரலை இழந்தவர்கள் உண்டு. பெட்ரோல் கூடாது, தீ அபாயம் ஒருபுறம், சில சங்கிலிகளில் உள்ள ரப்பர் வளையங்களை அது கெடுத்துவிடும்.

பஸ் முதலாளி

துரைசாமி நாயுடு பஞ்சு வியாபாரமும் செய்தார். லாபம் வந்தது. பம்பாய்க்குப் போய் சூதாட்டம் போன்ற வியாபாரத்தில் அத்தனையும் போயிற்று. வெறுங்கையோடு திரும்பினார். கோவை ஸ்டேன்ஸ் துரை உதவினார். 1920-ல் ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். ஒன்று பலவாகி, யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனி உருவாயிற்று.

1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்சார மோட்டார் தயாரித்தார். இந்தியாவில் உருவான முதல் மின்சார மோட்டார் அது. முகம் மழிக்கும் மின்சாரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி என்று அவர் கைவரிசை நீண்டது. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி ஏற்பட வழி செய்தார். பள்ளிப் படிப்பை முடிக்காத அவரே அதன் முதல் பிரின்சிபால்!

1952-ல் இரண்டு பேர் போகும் சிறிய காரைச் செய்தார். விலை 2,000 ரூபாய்தான். ஆனால் அரசாங்க லைசென்ஸ் கிடைக்கவில்லை. அந்தக் கார் ஏழை எளியவர் வீட்டு வாசலுக்கு வராமலே போயிற்று. நமக்குத்தான் நஷ்டம்.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந்தேதி ஜி.டி. நாயுடு காலமானார். 2025 அக்டோபரில் கோவை அவினாசி ரோட்டில் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஓட்டலில் சாப்பாடு பரிமாறி 300 ரூபாய் சேர்த்த அதே ஊரில்தான் அந்தப் பாலம் நிற்கிறது.