மறைவுக்குப் பின்னும் ஆண்ட துறவி

இமயத்தின் கிழக்குப் பகுதியில் இந்தியாவுக்கும் திபெத்துக்கும் இடையே அமைந்துள்ள பூடானை அந்நாட்டு மக்கள் தம் மொழியில் 'துருக் யுல்' என்று அழைக்கிறார்கள். இடியாய் முழங்கும் டிராகனின் நாடு என்பது அதன் பொருள். முதலில் அது நாட்டின் பெயராக இருக்கவில்லை. 'துருக்பா' என்ற பௌத்தத் துறவியர் மரபின் பெயராகவே இருந்தது. ஒரு மடத்தின் பெயர் ஒரு நாட்டின் பெயராக மாறியதற்குக் காரணமானவர் ஷப்துருங் நவாங் நம்கியால். 'எவருடைய திருவடிகளில் பணிகிறோமோ அவர்' என்பதே ஷப்துருங் என்ற பட்டத்தின் பொருள். அந்தப் பெருமகனார் பூடானில் பிறந்தவர் அல்லர். அடைக்கலம் தேடி அங்கு வந்தவர்.

1594-ஆம் ஆண்டு திபெத்தில் ராலுங் மடத்தை ஆண்டுவந்த குருபரம்பரையில் நவாங் நம்கியால் பிறந்தார். துருக்பா மரபின் தலைமை மடம் அதுவே. அந்த மரபின் பேரறிஞராக விளங்கிய பேமா கர்போ 1592-இல் சமாதி அடைந்திருந்தார். அவருடைய மறுபிறவி இந்தக் குழந்தையே என்று ராலுங் மடத்தினர் உறுதியாக நம்பினர். இளம் பிராயத்திலேயே நவாங் நம்கியால் மடாதிபதியாக அமர்த்தப்பட்டார். சாஸ்திரங்களையும் ஓவியம், சிற்பம் போன்ற கலைகளையும் கற்றுத் தேர்ந்தார்.

ஆனால் மறுபிறவி என்று மற்றொரு குழந்தையும் முன்னிறுத்தப்பட்டது. சோங்கியே சிற்றரசர் குடும்பத்தில் பிறந்த அக்குழந்தைக்கு அப்போது திபெத்தில் வலிமை பெற்றிருந்த த்சாங் ஆட்சியாளரின் ஆதரவு இருந்தது. மரபை நிறுவிய ஆதிகுருவின் எலும்பிலிருந்து தானே தோன்றியதாகப் போற்றப்படும் அவலோகிதேசுவரர் திருவுருவம் ராலுங்கில் இருந்தது. அதைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு ஆட்சியாளர் கேட்டார். அந்தத் திருவுருவம் யாரிடம் உள்ளதோ அவரே உண்மையான வாரிசு என்று கருதப்பட்டதால், அதைத் தருவது தம் குருபீடத்தையே தருவதற்கு ஒப்பாகும். நவாங் நம்கியால் மறுத்துவிட்டார். அதன்பின் அவருடைய உயிருக்கே ஆபத்து சூழ்ந்தது.

காக்கை வடிவில் வந்த மகாகாளர் தெற்கு நோக்கி வழிகாட்டிச் செல்வதை அவர் கனவில் கண்டதாக மரபு கூறுகிறது. 1616-ஆம் ஆண்டு, 22 வயதில், திருவுருவத்தையும் சில சீடர்களையும் உடன்கொண்டு பனிமலைக் கணவாய்களைக் கடந்து அவர் தெற்கே இறங்கினார். துருக்பா குருமார்கள் தலைமுறை தலைமுறையாக வந்து போதித்த பூமி அது. ஆகவே அவரை வரவேற்கக் குடும்பங்கள் இருந்தன. ஆனால் வரவேற்பு எங்கும் ஒரே விதமாக இல்லை. பள்ளத்தாக்குகள்தோறும் வெவ்வேறு தலைவர்கள் ஆண்டார்கள். வெவ்வேறு மரபைச் சேர்ந்த லாமாக்கள் மக்களிடம் வரி வாங்கிவந்தார்கள். நாடு என்று சொல்லத்தக்க எதுவும் அப்போது அங்கில்லை.

திம்புவுக்கு வடக்கே, காட்டுக்குள் உயர்ந்து நிற்கும் மலைச்சரிவில் 1620-இல் அவர் சேரி மடத்தை நிறுவினார். மறைந்த தம் தந்தையின் அஸ்தியை வைப்பதற்கு அங்கே வெள்ளி ஸ்தூபம் ஒன்றை எழுப்பினார். அதைச் செய்வதற்கு நேபாளப் பள்ளத்தாக்கிலிருந்து கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டார்கள். முப்பது துறவியருடன் அங்கே தொடங்கிய சங்கமே இன்றுள்ள பூடான் அரச மடத்தின் தொடக்கம். அதன்பின் அவர் மூன்று ஆண்டுகள் தனிமைத் தவத்தில் அமர்ந்தார். குகையில் தவம் செய்து முக்தி நாடுவதா, அல்லது சிதறிக் கிடக்கும் இம்மக்களுக்கு ஓர் ஒழுங்கை ஏற்படுத்தும் பொறுப்பை ஏற்பதா என்ற கேள்வி தவக்காலத்தில் அவர் முன் நின்றது. தவம் முடிந்து வெளியே வந்தபோது இரண்டையும் சுமப்பது என்று அவர் தீர்மானித்திருந்தார்.

இக்காலத்தில் அவரை நேரில் கண்ட வெளிநாட்டவர் எழுதிய குறிப்பு ஒன்று கிடைத்திருப்பது நம் பேறு. கசெல்லா, கப்ரால் என்ற இரண்டு போர்த்துகீசிய ஏசுசபைப் பாதிரியார்கள் வங்கத்திலிருந்து கூச் பிகார் வழியாக 1627-இல் பூடானுக்கு வந்து சேரி மடத்தில் சில மாதங்கள் தங்கினார்கள். கசெல்லா தம் சபைக்கு எழுதிய நீண்ட கடிதமே பூடானைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதல் விவரம். மன்னரும் அவரே, தலைமைக் குருவும் அவரே என்று அவர் வியந்து எழுதினார். சோறும் இறைச்சியும் தவிர்த்துப் பாலும் பழமும் மட்டுமே உண்பவர் என்றும், கனிவான சுபாவம் உடையவர் என்றும், தம் கையாலேயே திருவுருவங்கள் செய்பவர் என்றும் குறித்தார். சமயம் பரப்ப வந்தவர்கள் என்று தெரிந்தும் ஷப்துருங் அவர்களை உபசரித்தார். வழிபடுவதற்கு இடமும் தந்தார். பாதிரியார்கள் வந்த நோக்கம் நிறைவேறவில்லை. ஆயினும் கடிதத்தில் குறை சொல்லும் தொனியைவிட மதிப்பே மிகுந்திருக்கிறது.

அந்தக் கனிந்த துறவிதான் கோட்டைகளையும் கட்டினார். 1629-இல் திம்பு பள்ளத்தாக்கின் வாயிலில் சிம்தோகா ஜோங்கைக் கட்டத் தொடங்கினார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அவரை எதிர்த்த ஐந்து லாமா பிரிவினர் ஒன்றுசேர்ந்து தாக்கித் தோற்றார்கள். வடக்கிலிருந்து த்சாங் படைகள் மீண்டும் மீண்டும் வந்தன. பின்னர் திபெத்தில் ஆட்சி மாறி, மங்கோலியப் படைபலத்துடன் வந்த புதிய அரசின் படையெடுப்புகளும் முறியடிக்கப்பட்டன. பாரோ பள்ளத்தாக்கின் வட எல்லையில் 1649-இல் எழுந்த துருக்யால் ஜோங் அவ்வெற்றியின் நினைவுச் சின்னம். அகிம்சை போதிக்கும் மரபைச் சேர்ந்த ஒருவர் போர் நடத்தியது சிலருக்கு நெருடலாகத் தோன்றலாம். தற்காப்பு என்பதற்கு மேல் அவருடைய வரலாற்றாசிரியர்கள் அதற்கு விளக்கம் தேடியதில்லை.

ஜோங் என்பதை வெறும் கோட்டை என்று கொண்டால் ஷப்துருங்கின் எண்ணம் புலப்படாது. மதிலுக்குள் நடுவே உயர்ந்த கோபுரக் கோயில். ஒருபுறத்து முற்றத்தைச் சுற்றி அதிகாரிகளின் அலுவலகங்கள். மறுபுறத்து முற்றத்தைச் சுற்றித் துறவியரின் அறைகள். கீழே தானியக் களஞ்சியங்கள். மக்கள் வரியாகக் கொடுத்த அரிசி, வெண்ணெய், நெய்த துணி எல்லாம் அங்கே சேர்ந்தன. நாணயம் அரிதாக இருந்த அந்நாட்டில் பொருளும் உடலுழைப்புமே வரி. துறவியரின் உணவும், காவல் வீரனின் உணவும், பஞ்சகாலத்தில் ஊராரின் உணவும் அந்தக் களஞ்சியத்திலிருந்தே வரவேண்டும். வழக்குகள் அங்கேயே தீர்க்கப்பட்டன. திருவிழாவும் அந்த முற்றத்திலேயே நடந்தது. தந்தை, தாய் என்று அழைக்கப்படும் போ சூ, மோ சூ ஆகிய இரு நதிகள் கூடும் இடத்தில் 1637-இல் தொடங்கப்பட்ட புனாகா ஜோங் இவற்றுள் தலையாயது. ராலுங்கிலிருந்து கொண்டுவந்த திருவுருவம் அங்கே எழுந்தருளியது.

அத்திருவுருவத்தைக் கவரப் படையெடுத்து வந்தவர்களை ஏமாற்றுவதற்காக, அதை ஆற்றில் வீசுவது போல் நடித்ததாகக் கூறப்படுகிறது. புனாகாவில் ஆண்டுதோறும் நடைபெறும் விழாவில் இன்றும் ஊர் ஆண்கள் அக்காலப் படைவீரர் உடையணிந்து வலம்வர, தலைமைக் குரு மோ சூ ஆற்றில் ஆரஞ்சுப் பழங்களை எறிகிறார். நாட்டின் வரலாற்றை எழுத்தறியாத மூதாட்டியும் இப்படித்தான் அறிந்திருக்கிறாள்.

ஆட்சி முறையில் அவர் செய்த ஏற்பாடு இதனினும் ஆழமானது. தர்மத்தின் காரியங்களுக்கு 'ஜே கென்போ' என்ற தலைமைக் குரு. உலகியல் நிர்வாகத்துக்கு 'தேசி' என்ற ஆட்சியாளர். இவ்விரண்டு கைகளுக்கும் மேலே ஷப்துருங். பாரோ, தோங்சா, தகானா ஆகிய பகுதிகளுக்குப் பென்லோப் எனப்படும் ஆளுநர்கள். முக்கியமான ஜோங்குகளுக்குத் தனித் தலைவர்கள். அதிகாரியின் முன் எப்படி நிற்பது, எப்படி உண்பது, எவ்வாறு உடுத்துவது என்பனவும் 'திரிக்லம் நம்ஷா' என்ற ஒழுக்க முறையாக வகுக்கப்பட்டன. ஆண்கள் அணியும் 'கோ' என்ற நீண்ட அங்கிக்கு இன்றுள்ள வடிவம் அவர் காலத்தது என்பதே பூடானியரின் நம்பிக்கை. இன்றும் ஜோங்கினுள் நுழையும் சாதாரணக் குடிமகன் தோளில் வெள்ளைத் துண்டு அணிகிறான். மன்னருக்கும் ஜே கென்போவுக்கும் மஞ்சள் நிறத் துண்டு.

1651-இல் ஷப்துருங் புனாகாவில் தனிமைத் தவத்துக்குச் சென்றார். அவர் அங்கேயே சமாதி அடைந்தார். ஆனால் அச்செய்தி வெளிவரவில்லை. பகைவர் வடக்கே காத்திருந்தார்கள். நாடு ஒன்றுபட்டு ஒரு தலைமுறைகூட ஆகவில்லை. மகன் ஜம்பேல் தோர்ஜியோ நோயுற்றிருந்தார். தேசியும் மிகச் சில நெருங்கிய சீடர்களும் கூடி, குருநாதர் தவத்தில் இருக்கிறார் என்றே அறிவித்தார்கள். மூடிய அறைக்கு நாள்தோறும் உணவு சென்றது. ஆணைகள் அவர் பெயரிலேயே வெளிவந்தன. இது ஓராண்டு ஈராண்டு அல்ல. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அந்த இடைக்காலத்தில்தான் தோங்சா பென்லோப் மிங்யூர் தென்பாவின் முயற்சியால் கிழக்குப் பூடான் முழுதும் நாட்டுடன் இணைந்தது. நான்காவது தேசியான தென்சின் ரப்கியே 1692-இல் தக்சாங் குகைத் தலத்தில் கோயில் எழுப்பியதும் அப்போதுதான். பொறுப்பில் இருந்தவர்கள் அவர் உயிருடன் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற பாவனையிலேயே உழைத்தார்கள்.

அந்த மௌனத்துக்கு விலையும் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைவு வெளிப்பட்டபோது, மறுபிறவி யார் என்ற கேள்வி எழுந்தது. உடல், வாக்கு, மனம் என மூன்று வகையான மறுபிறவிகள் ஏற்கப்பட்டன. ஒவ்வொன்றின் பின்னும் ஓர் அணி திரண்டது. ராலுங்கில் சிறுவயதில் அவரைத் துரத்திய அதே வழக்கு, அவர் கட்டிய நாட்டிலேயே மீண்டும் முளைத்தது. இரு கைகளையும் இணைக்கும் தலை இல்லாமற்போனதால் அதிகாரம் தேசிகளிடமும், பின்னர் பென்லோப்களிடமும் சிதறியது. 1907 வரை ஐம்பதுக்கும் மேற்பட்டோர் தேசி பதவியில் அமர்ந்தார்கள்; அவர்களுள் பலர் கொல்லப்பட்டார்கள் அல்லது விரட்டப்பட்டார்கள். உழவர்களுக்கு மிஞ்சியது வரியும் கட்டாய உழைப்பும்தான். 1907 டிசம்பர் 17 அன்று புனாகாவில் துறவியரும் அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் கூடித் தோங்சா பென்லோப் உக்யேன் வாங்சுக்கை அரசராக ஏற்ற பின்னரே அந்தப் பூசல் ஓய்ந்தது.

ஷப்துருங்கின் பெயரால் நிகழ்ந்தவை எல்லாம் ஒளி நிறைந்தவை என்று சொல்வதற்கில்லை. 1989-இல் உடையும் ஒழுக்க முறையும் நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கப்பட்டன. தெற்கே வாழ்ந்த நேபாளி மொழி பேசும் மக்களுக்கு அது பெருஞ்சுமையாயிற்று. குடியுரிமைச் சிக்கலும் சேர்ந்துகொள்ள, 1990-களில் சுமார் ஒரு லட்சம் பேர் நேபாளத்தில் அகதி முகாம்களில் வாழ நேர்ந்தது. அடைக்கலம் தேடி வந்தவர் நிறுவிய நாட்டில், நேபாளக் கைவினைஞர் சமைத்த ஸ்தூபம் சேரியில் நிற்கும் நாட்டில், இது நிகழ்ந்தது.

2008 ஜூலை 18 அன்று கையெழுத்தான அரசியல் சாசனம், தர்மமும் அரசும் மன்னரிடத்தில் இணைகின்றன என்கிறது. ஆனால் சமயத்தை அரசியலிலிருந்து அது விலக்கியும் வைத்திருக்கிறது. துறவியர் வாக்களிப்பதில்லை, தேர்தலில் நிற்பதுமில்லை. ஷப்துருங்கின் திருமேனி புனாகா ஜோங்கில் மாசேன் என்ற சந்நிதியில் பாதுகாக்கப்படுகிறது. மன்னரும் ஜே கென்போவும் பணிவிடை செய்யும் துறவியரும் தவிர வேறெவரும் உள்ளே செல்வதில்லை. 2008 நவம்பர் 1 அன்று, திம்புவில் முடிசூட்டு விழா நடப்பதற்கு முன், ஐந்தாவது மன்னர் அந்தச் சந்நிதியிலிருந்துதான் ஐந்து வண்ணப் பட்டாடைகளைப் பெற்றார்.

குளிர்காலம் நெருங்கும்போது ஜே கென்போவும் அரச மடத்துத் துறவியரும் திம்புவிலிருந்து புனாகாவுக்கு இறங்குகிறார்கள். கோடையில் மீண்டும் திம்புவுக்கு ஏறுகிறார்கள். ஷப்துருங் காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. சாலையோரங்களில் ஆசி பெறுவதற்காக மக்கள் குழந்தைகளுடன் அதிகாலையிலிருந்தே காத்து நிற்கிறார்கள்.