கோண்டர்களின் நண்பர் ஹைமன்டார்ஃப்

பட்டான்செருவில் வாழும் நாம், ஐதராபாத் என்றதும் சார்மினாரையும் கோல்கொண்டாக் கோட்டையையும் நினைக்கின்றோம். வடக்கே, கோதாவரிக்கு அப்பால், ஆதிலாபாத் மலைகளில் வாழும் கோண்டர்களை நினைப்பவர் நம்முள் எத்தனை பேர்? அவர்கள் பேசும் கோண்டி, நம் தமிழைப் போலவே திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அம்மக்களின் அறிவை அறிவென்று மதித்து, ஆள்வோர் செவியில் ஏற்றியவர் வியன்னாவில் பிறந்த மானிடவியல் அறிஞர் கிறிஸ்டோப் வான் ஃபியூரர் ஹைமன்டார்ஃப்.

1909இல் பிறந்த அவர், வியன்னாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1936இல் இந்தியா வந்து, நாகர் மலையில் கொன்யாக் மக்களிடையே தங்கி ஆராய்ந்தார். 1939இல் மனைவி எலிசபெத்துடன் மீண்டும் வந்தபோது உலகப்போர் மூண்டது. ஆஸ்திரியா ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டிருந்தமையால், அவர் பகைநாட்டுக் குடிமகன் ஆனார். நைஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்தை விட்டு வெளியேறலாகாது என்று கட்டளை பிறந்தது. வேறொருவராயின் சோர்ந்திருப்பார். அவரோ அந்தச் சமஸ்தானத்தையே தம் ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். நல்லமலையில் கிழங்கு அகழ்ந்துண்ணும் செஞ்சுக்களையும், கோதாவரிக் கரை மலைகளில் வாழும் கொண்டாரெட்டிகளையும் அவர்தம் ஊர்களிலேயே தங்கி அறிந்தார்.

1940இல் கோண்டர் தலைவர் குமுரம் பீம், நில உரிமைக்காகப் போராடி ஜோடேகாட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சியின் காரணத்தை ஆராயும் பொறுப்பை நைஜாம் அரசு ஹைமன்டார்ஃபிடம் ஒப்படைத்தது. அவர் கண்ட உண்மை யாது? கோண்டர் மேட்டு நிலத்தைச் சில ஆண்டுகள் உழுவர். பின்பு அதனைத் தரிசாக விட்டு வேறிடம் உழுவர். மண் இளைப்பாறி வளம் பெறுதற்குரிய வழி அது. வன இலாகாவினர் எல்லை வகுத்தபோது, அத்தரிசுகளையும் ஒதுக்கப்பட்ட காட்டில் சேர்த்துவிட்டனர். எஞ்சிய நல்ல நிலத்திற்கோ, வெளியூரிலிருந்து வந்தோர் பட்டா பெற்றனர். உழுதவன் அந்நியன் ஆனான்.

நோயை அறிந்தவர் மருந்தும் கூறினார். கோண்டர்க்குப் பட்டா வழங்க வேண்டும் என்றார். அவர்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலேயே எழுத்தறிவிக்க வேண்டும் என்றார். 1943இல் மார்லவாய் என்னும் சிற்றூரில் கோண்டர் கல்வித் திட்டம் தொடங்கிற்று. கோண்ட இளைஞர்களே ஆசிரியப் பயிற்சி பெற்றனர். 1945 முதல் அவர் பழங்குடியினர் நலனுக்கு நைஜாம் அரசின் ஆலோசகராகவும், உஸ்மானியாப் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் விளங்கினார். 1949இல் இலண்டன் சென்று, 1951 முதல் 1976 வரை அங்கே பேராசிரியராக இருந்தார். அக்காலத்தில் நேபாளத்து ஷெர்ப்பாக்களையும் ஆராய்ந்தார்.

ஓய்வு பெற்றபின் பழைய ஊர்களுக்கு அவர் திரும்பி வந்தார். பட்டா பெற்ற நிலங்கள் பல, மீண்டும் பிறர் கைக்கு மாறியிருந்தன. தம் முயற்சி சிதைந்ததை மறைக்காமல், 1982இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அவருடைய நேர்மைக்கு வேறு சான்று வேண்டுமோ? 1987இல் ஐதராபாத்தில் மறைந்த எலிசபெத்தின் உடல் மார்லவாயில் அடக்கம் செய்யப்பட்டது. 1995இல் ஹைமன்டார்ஃப் இலண்டனில் காலமானார்.

விஞ்ஞானம் பயிலும் தோழர்களே! நம் பட்டான்செருவில் 1972 முதல் இக்ரிசாட் நிலையம் சோளத்தையும் கம்பையும் ஆராய்ந்து வருகின்றது. அத்தகைய ஆராய்ச்சிகளில் நாமும் நாளை ஈடுபடலாம். விதையோடும் கருவியோடும் சிற்றூருக்குச் செல்லும்போது, அங்குள்ள உழவன் ஏன் அவ்வாறு உழுகின்றான் என்று முதலில் கேட்போம். அந்நிலம் அவனுக்கு உரியதா என்றும் கேட்போம். இவ்விரண்டும் கேளாத விஞ்ஞானம் அவன் வயலில் வேர் பிடிக்காது.