தொழில் வல்லார் கோ. துரைசாமி நாயுடு சரிதம்

பள்ளியிறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவரும் நாட்களில், நம் வாழவந்தி நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் ஒரே கவலை குடிகொள்ளக் காண்கிறோம். பிள்ளை இயந்திரத் தொழில் கற்க விரும்புகின்றான். எக்கல்லூரியிற் சேர்ப்பது, அதற்காம் பொருளுக்கு எங்கே போவது, கற்று வெளிவந்த பின் கைத்தொழில் வருமா, வெறும் சான்றிதழ்தான் மிஞ்சுமா என்பனவே அக்கவலை. இவ்வினாக்களை ஏறத்தாழ எண்பது ஆண்டுகட்கு முன்னரே எழுப்பித் தம் கைப்பொருளாலும் உழைப்பாலும் விடை காண முயன்றார் ஒருவர். அவர் நம் மரபிற் பிறந்தவரல்லர். எனினும் நற்பண்பும் நல்லறிவும் எம்மரபினர்க்கும் பொதுவாதலின், அவர் சரிதத்தை நம் சங்கத்து அன்பர்கட்குச் சுருக்கி உரைப்பாம்.

கோயமுத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், கோபாலசாமி நாயுடு என்னும் உழவர்க்கு மகனாக, 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் துரைசாமி பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவர் மனத்துக்குச் சிறிதும் இசையவில்லை. ஏட்டுக் கல்வியைச் சில வகுப்புக்களோடு நிறுத்திக்கொண்டு, தந்தையாரின் நிலத்தில் வேலை செய்து வரலானார். அறிவு குறைந்தமையால் அவர் பள்ளியை விட்டாரல்லர் என்பது பின்னர் விளங்கும். நூல்களை அவர் வாழ்நாள் முழுதும் தாமே தேடிப் படித்தார்.

ஒரு நாள் ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அவ்வழியே வந்தார். மாடும் குதிரையும் இழுக்காது தானே ஓடும் வண்டியை அதுகாறும் காணாத இளைஞர் துரைசாமி, அதன் உள்ளியல்பை அறியும் வேட்கை மீதூரப் பெற்றார். அத்தகைய வண்டியொன்றைத் தாமும் வாங்கக் கருதிக் கோயமுத்தூர் சென்று, ஓர் உணவு விடுதியிற் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். நிலமுள்ள வீட்டுப் பிள்ளை பிறர் இலைக்குச் சோறு பரிமாறுவதா என்னும் நாணம் அவரைத் தடுக்கவில்லை. பெற்ற கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, அம்மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஏறி உலாவி மகிழ்வதோடு அமைந்தாரில்லை, அதன் உறுப்புக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார், ஓடச் செய்தார். அந்த வண்டியே அவர்க்கு வாய்த்த முதற் கல்லூரி எனலாம்.

பின்னர்ப் பஞ்சு வாணிகத்தில் இறங்கிப் பொருள் ஈட்டினார். பம்பாய் வரை சென்று பெருவாணிகம் செய்ய முயன்று, ஈட்டியதை இழந்து திரும்பினார். இழப்பினால் மனம் ஒடியாது, கோயமுத்தூர்த் தொழிலதிபர் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்பாரை அடைந்தார். அவர் இவர்தம் திறமையை அறிந்து கடனுதவி செய்ய, 1920-ஆம் ஆண்டில் பஸ் ஒன்றை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டலானார். ஒரு வண்டி பலவாயிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் அவர்தம் நிறுவனம், 1933-ஆம் ஆண்டளவில் இருநூற்றுக்கு மேற்பட்ட வண்டிகளை உடையதாய் விளங்கிற்று.

வண்டிகள் பழுதுறும், பழுது பார்க்கப் பட்டறை வேண்டும், பட்டறையில் உறுப்புக்களைச் செய்யக் கைதேர்ந்த ஆட்கள் வேண்டும். இங்ஙனம் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து, நாயுடு அவர்கள் பொருள்களை ஆக்கும் தொழிலிற் புகுந்தனர். ஐரோப்பிய நாடுகட்குச் சென்று, ஜெர்மனி முதலிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளைக் கண்டு வந்தார். மின்னால் இயங்கும் சவரக் கருவி, மிக மெல்லிய சவரத் தகடு, பழச்சாறு பிழியும் பொறி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி எனப் பல பொருள்கள் அவர் முயற்சியால் தோன்றின. 1937-ஆம் ஆண்டு பாலசுந்தரம் நாயுடு என்பார் இந்நாட்டில் முதன்முதலாக மின்மோட்டார் ஒன்றை ஆக்கியபோது, அத்தொழிலைப் பீளமேட்டில் நிலைநிறுத்தத் துணைநின்றவரும் இவரே. இற்றைக்குக் கோயமுத்தூர் மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர் பெற்றிருப்பதன் வேர் அக்காலத்தே ஊன்றப்பட்டது.

இனி, இச்சரிதத்தின் உயிர்ப்பகுதிக்கு வருவாம். ஆலை பெருகியும் அதனை நடத்தும் ஆட்கள் நம் நாட்டிற் போதியவாறு இல்லை என்பதை நாயுடு அவர்கள் கண்டனர். 1944-ஆம் ஆண்டின் இறுதியில் தம் மோட்டார்த் தொழிலின் பொறுப்பினின்றும் ஒதுங்கி, கல்விக்கும் தொழிலாளர் நலத்துக்கும் பொருளை வழங்கலானார். அவர் அளித்த கொடையைக் கொண்டு, அந்நாளைச் சென்னை மாகாணக் கவர்னர் சர் ஆர்தர் ஹோப் பெயரால் பாலிடெக்னிக்கு ஒன்றும், 1945-ஆம் ஆண்டிற் பொறியியற் கல்லூரி ஒன்றும் கோயமுத்தூரில் எழுந்தன. பள்ளிப் படிப்பையே முடியாத அவர், அக்கல்லூரியின் முதல் தலைவராய் அமர்ந்தார்.

ஆனால் அப்பதவியில் அவர் நெடுநாள் இருக்கவில்லை. நான்கு ஆண்டுப் படிப்பு மாணவர் காலத்தையும் பெற்றோர் பொருளையும் வீணாக்குவது. அதே கல்வியை இரண்டு ஆண்டுகளிற் கற்பித்தல் இயலும் என்பது அவர் கொள்கை. ஆங்கில அரசாங்கம் அதற்கு இணங்கவில்லை. தாம் பொருள் ஈந்து எழுப்பிய கல்லூரியாயினும், தம் கொள்கை செல்லாத இடத்தில் இருக்க ஒருப்படாது, அவர் தலைமைப் பதவியைத் துறந்தார். கல்லூரி நின்றுவிடவில்லை, பிற்காலத்து வேறிடம் பெயர்ந்து, தடாகம் சாலையில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரோடு இன்றும் சிறந்து நிலவுகின்றது. பழைய இடத்தின் பெயரோ, ஹோப் காலேஜ் என்று பஸ் நடத்துநர் நாவில் நாள்தோறும் வழங்குகின்றது.

நாயுடு அவர்களின் கொள்கை முற்றும் சரியானதா என்று ஆராய்வது நம் கடன். பாலத்தின் பாரத்தைக் கணக்கிடுவோனுக்கும் புதிய பொறியை வரைவோனுக்கும் கணிதமும் பௌதிகமும் ஆழ வேண்டும். அதனை விரைந்து புகட்டல் அரிது. ஆனால் கடைசற் பொறியில் இரும்பைக் கடைவோனுக்கும், வார்ப்படம் வார்ப்போனுக்கும், பற்றவைப்போனுக்கும் நான்கு ஆண்டுகள் வேண்டா. ஆகவே அவர் கூற்றில் ஒரு பாதி மெய்யே. இந்நாளில் அந்தப் பாதியைத் தொழிற்பயிற்சி நிலையங்கள் ஓரிரண்டு ஆண்டுகளிலும், பாலிடெக்னிக்குகள் மூன்று ஆண்டுகளிலும் நிறைவேற்றுகின்றன. பாலிடெக்னிக்கில் தேறியவன் பொறியியற் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரவும் வழியுண்டு. ஒரே தாவலில் ஏறமாட்டாதவன் படிப்படியாக ஏறலாம் அன்றோ?

1952-ஆம் ஆண்டில், எளியோரும் வாங்கத்தக்கவாறு இருவர் அமரும் சிறு கார் ஒன்றை இரண்டாயிரம் ரூபா விலையில் ஆக்க நாயுடு அவர்கள் முற்பட்டனர். அரசாங்கத்தின் அனுமதி கிட்டாமையால் அம்முயற்சி வீணாயிற்று. ஆயினும் அவர் ஊக்கம் தளர்ந்திலர். பருத்தி, பப்பாளி முதலிய பயிர்களிலும் ஆராய்ச்சி நிகழ்த்தினார். 1967-ஆம் ஆண்டு தொழிற் கண்காட்சி நிலையம் ஒன்றை நிறுவினார். 1974-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள் உலக வாழ்வை நீத்தார். 2025-ஆம் ஆண்டில் அவிநாசிச் சாலையில் திறக்கப்பெற்ற நெடிய மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நிற்க. இச்சரிதத்தால் நம்மனோர் கொள்ளத்தக்கது யாது? பொருள்களை ஆக்கும் பொறியியல் தொலைதேசத்து வித்தையன்று. நம் மரவள்ளிக் கிழங்கு, எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து இறங்கி, ஜவ்வரிசி ஆலைகளுக்குத்தான் செல்கின்றது. நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டுகின்றனர். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளைச் செப்பனிடுகின்றனர். சேலத்தில் இரும்பாலை நிற்கின்றது. கிழங்கை விளைப்பவர் நாம். அதனை அரைக்கும் பொறியை ஆக்குபவர் பிறர். இந்நிலை மாறவேண்டுமாயின் நம் பிள்ளைகள் அப்பொறியின் இயல்பைக் கற்றல் வேண்டும்.

அதற்காக நிலத்தை அடகு வைத்து, விளம்பரம் கண்டு மயங்கி, பெயரறியாக் கல்லூரியிற் சேர்த்தல் தகாது. நம் கொல்லிமலையிலேயே அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் உண்டு. சேலத்தில் 1966-ஆம் ஆண்டு தோன்றிய அரசினர் பொறியியற் கல்லூரி உண்டு. சென்னைக் கிண்டிக் கல்லூரியில் உற்பத்திப் பொறியியல் தனிப்பாடமாகவே கற்பிக்கப்படுகின்றது. அரசினர் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றவர்க்கு, 2021-ஆம் ஆண்டு முதல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புக்களில் நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கி, கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசாங்கமே ஏற்கின்றது. பழங்குடியினர்க்குரிய ஒதுக்கீடும் உதவித்தொகையும் வேறு உள. இவற்றைப் பெறச் சாதிச் சான்று முதலியன வேண்டுதலின், தேர்வு முடியும்வரை காத்திராது முன்னரே அவற்றைப் பெற்று வைத்தல் அறிவுடைமை.

கல்லூரியைக் காணச் செல்லும் பெற்றோர், கட்டடத்தின் உயரத்தை நோக்காது பட்டறையை நோக்குக. பொறிகள் எண்ணெய் பூசி ஓடுகின்றனவா, தூசி படிந்து கிடக்கின்றனவா என்று காண்க. மாணவன் தன் கையால் எத்தனை நாள் வேலை செய்கின்றான் என்று வினவுக. முன்னர்க் கற்று வெளிவந்தோர் எங்கே பணிபுரிகின்றனர் என்று அவர்களையே கேட்க. ஒரு வண்டியைக் கழற்றிப் பூட்டியே தொழில் கற்றவர் நாயுடு அவர்கள். அவரைப் போற்றும் நாம் அம்முறையாகவே ஆராய்தல் பொருந்தும்.

நம் சங்கத்தாரும் ஊர்க்கவுண்டர்களும் ஒன்றுகூடி, ஆண்டுதோறும் தேறிய பிள்ளைகளின் பெயரைத் தொகுத்து, விண்ணப்பம் எழுதவும் கலந்தாய்வுக்கு உடன்செல்லவும் கற்றார் சிலரை அமர்த்துவாராயின், அதற்காம் செலவு சிறிது. விளையும் பயனோ பெரிது. ஆண் பிள்ளைகட்கே அன்றிப் பெண் பிள்ளைகட்கும் இவ்வுதவி கிட்டுதல் வேண்டும். நாட்டுக்கொரு பிள்ளை என்னும் அளவிலேனும் இவ்வாண்டே இப்பணியைத் தொடங்குவோமாக.